என் தொண்டையும் ஆறு டிஸ்கஸ் மீன்களும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. வெள்ளானூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மூன்று பிளாக்குக்கும் தெரியும். பால் பாக்கெட் போடுகிறவருக்குத் தெரியும். அம்பத்தூர் அலுவலகத்தில் என் குழுவில் இருக்கும் பதினோரு பேருக்கும் தெரியும். என் மகளுக்கு அது எந்த அளவுக்குத் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஒரு சனிக்கிழமை டிவி ரிமோட்டைச் சுவரில் வீசினேன். யார் மேலும் வீசவில்லை, சுவரில்தான் வீசினேன் என்று பல நாள் எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தேன். காரணம் அலுவலகத்தில் எவனோ செய்த தப்பு. மகளுக்கு அப்போது பதினோரு வயது. அவள் அழவில்லை. சோபாவுக்கு அடியில் உருண்டுபோன பேட்டரியைக் குனிந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தாள். "அப்பாகிட்ட ஸ்கூல் டூருக்குக் கையெழுத்து வாங்கித் தாங்கம்மா." நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படி இரண்டு மாதம் ஓடியது. என்னவோ செய்தது எனக்கு. கேட்கவும் பயம், கேட்டால் என்ன பதில் வருமோ என்று.

இதற்கு நடுவில் ரத்த அழுத்தம் வேறு. டாக்டர் மாத்திரை எழுதினார், லிஃப்டை விட்டுவிட்டு மூன்று மாடியும் படியேறச் சொன்னார், கடைசியில் "வீட்ல ஒரு மீன் தொட்டி வெச்சுப் பாருங்க, மனசு அமைதியாகும்" என்றார். டிஸ்கஸ் வளர்த்த எவரிடமும் அவர் பேசியதில்லை என்று இப்போது புரிகிறது.

மீன் கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். மகள் கப்பியையும் தங்க மீனையும் கண்டுகொள்ளாமல் நடந்து போய், கடைசித் தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே ஆரஞ்சும் நீலமுமாக வட்ட வட்டமாகச் சில மீன்கள், அவசரமே இல்லாமல் மிதந்துகொண்டிருந்தன. அவள் திரும்பி, அம்மாவை அல்ல, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, இது தட்டு மாதிரி இருக்கு."

இரண்டு மாதத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

"முதல் தொட்டிக்கு இது வேணாம் சார். ரொம்ப நாசூக்கு. கப்பி வாங்கிப் பழகுங்க" என்றார் கடைக்காரர். நியாயமான மனிதர். எனக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டாம் என்று அவரிடமும் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். மகள் மறுபடியும் அம்மாவின் பக்கம் போய் ஒட்டிக்கொண்டாள்.

தொட்டி நான்கடி நீளம். ஹாலில் எங்கே வைப்பது என்று மனைவி கேட்டபோது, ரிமோட் பட்டுக் காரை பெயர்ந்த சுவரைக் காட்டினேன். தொட்டி வந்து நின்றதும் அந்தத் தடம் மறைந்துபோனது. மூவரும் அதைக் கவனித்தோம்.

டிஸ்கஸ் வளர்த்து விற்கிற ஒரு அம்மா பாரிவாக்கத்தில் இருப்பதாக அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். தேடிப்பிடித்துப் போனோம். ஒரு காலத்தில் மாடுகள் நின்ற கொட்டகை. கூரையை மாற்றிச் சுற்றிலும் கண்ணாடித் தொட்டிகள் அடுக்கியிருந்தார். கழனியில் பாதி வீட்டு மனைகளாகிவிட்டது, மாடும் போய்விட்டது, இப்போது இதுதான் தொழில் என்றார். ஐம்பது வயதிருக்கும். கையெல்லாம் ஈரம்.

"தொட்டி ஓட ஆரம்பிச்சி எத்தினி நாளாச்சி சார்?"

"நேத்துதான் வாங்கினேன்."

"அப்போ ஊட்டுக்குப் போ. ஒரு மாசம் கயிச்சி வா. வரும்போது ஒரு பாட்டில்ல உன் தொட்டித் தண்ணி கொண்டா."

விற்க மாட்டேன் என்கிற வியாபாரியை அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் அதற்குள் தன் தொட்டியிலிருந்து அழுக்குப் பிடித்த பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்து, கவரில் போட்டு, என் மகளின் கையில் கொடுத்துவிட்டார். மீன் கழிவைத் தின்கிற கிருமிகள் அதில் குடியிருக்கின்றனவாம். அதைப் போட்டு, ஹீட்டரும் காற்று மோட்டாரும் ஓடவிட்டு, வெறும் தண்ணீருக்கு நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட வேண்டும். தண்ணீர் பழகட்டும் என்றார்.

ஐந்து வாரம் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "மீன் எங்கே?" என்றார்கள். என் மச்சான் தொட்டிக்கு முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, "நல்லா இருக்கு மாமா, செலவும் இல்ல, சாவும் இல்ல" என்றான். சிரித்திருக்கலாம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மகள் மட்டும் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பழைய நோட்டில் எழுதினாள். எழுதியதை முதலில் அம்மாவிடம் காட்டினாள். இரண்டாவது வாரத்தில், அம்மா சமையலறையில் இருந்த ஒரு நாள், என்னிடம் காட்டினாள். இருபத்தொன்பது டிகிரி.

பாட்டிலோடு திரும்பப் போனோம். அந்த அம்மா தண்ணீரை முகர்ந்து பார்த்தார், சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தார். பிறகு தண்ணீரை விட்டுவிட்டு என் மகளைப் பார்த்தார்.

"ஊட்ல சத்தம் போட்றது யாரு?"

மகள் தரையைப் பார்த்தாள். மனைவி கொட்டகைக் கூரையைப் பார்த்தாள்.

"நான்தாங்க" என்றேன்.

"இது பயந்தாங்கொள்ளி மீனு சார். கதவ படார்னு சாத்துனா ரெண்டு நாளு துன்னாது. கறுத்துப் பூடும். அத்த தெரிஞ்சிகினு எடுத்துகினு போ." ஒன்று இரண்டாகக் கொடுக்க மாட்டாராம், ஆறாகத்தான் கொடுப்பாராம், குறைவாக இருந்தால் எல்லாம் சேர்ந்து ஒன்றைப் பிடித்து வதைக்குமாம். ஆறையும் மகளே தேர்ந்தெடுத்தாள். கடைசியாக, மற்றதைவிடச் சிறியதாக, ஒரு பக்கத் துடுப்பு கொஞ்சம் மடங்கிய ஒன்றைக் காட்டினாள். "அது சோப்ளாங்கிம்மா" என்றார் அந்த அம்மா. மகள் அதுதான் வேண்டும் என்றாள்.

கிளம்பும்போது சொன்னார்: "தண்ணி மாத்தறப்போ கொயாயிலர்ந்து நேரா ஊத்தாத. ட்ரம்ல புட்ச்சி ஒரு நாளு வெச்சிட்டு ஊத்து. மறந்துடாத."

வீட்டுக்கு வந்த ஆறும் முதல் மூன்று நாள் கரிக்கட்டையாகக் கறுத்து, ஒரு மூலையில் ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டு நின்றன. நான்காம் நாள் நிறம் வந்தது. ஆறாம் நாள் மகளின் விரலில் இருந்த தீனியைத் தின்றன. உறைந்த புழுப் பெட்டி ஃபிரீசரில் ஏறியது. "மாவு டப்பா பக்கத்துல புழுவா?" என்று மனைவி ஒரு நாள் முழுக்க முணுமுணுத்தாள். அப்புறம் அவளும் கண்ணாடி முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தாள்.

இரண்டாவது வாரம், ஹாலில் நின்றுகொண்டு அலுவலக அழைப்பில் ஒருவனைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத் திரும்பினால் ஆறு மீன்களும் மூலையில் இருந்தன. உடம்பில் கறுப்புப் பட்டைகள். சமையலறையிலிருந்து மகளின் குரல் கேட்டது.

"அம்மா, அப்பா கத்துனா மீனு கறுக்குது."

அதில் புகார் எதுவும் இல்லை. வெப்பநிலை சொல்கிற அதே குரல். அன்றிலிருந்து அலுவலக அழைப்புகளைப் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். திருந்திவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. கத்துகிற இடத்தை மாற்றினேன், அவ்வளவுதான். ஆனாலும் மகள் ஹாலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்தாள், நான் அதே ஹாலில் இருக்கும்போதே. இந்த மீன்கள் உயிரோடு இருக்கும்வரை இது இருக்கும் என்று ஒரு கணக்கு என் மனதில் ஓடியது. அதனால் காலையில் கண் விழித்ததும் ஓடிவந்து ஆறு இருக்கிறதா என்று எண்ணுவேன்.

தண்ணீர் பிடித்து வைக்க இரண்டு பெரிய நீல டிரம் வாங்கியிருந்தேன். வீட்டுக்குள் இடமில்லாததால் வாசலுக்கு வெளியே, நடைபாதையில் வைத்தேன். அங்கேதான் வினை.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் இந்த ஊர்க்காரர். இந்த அடுக்ககம் நிற்கிற நிலமே அவர் குடும்பத்தின் நெல் வயல்தான். நிலத்துக்குப் பதிலாகக் கீழ்த்தளத்தில் வீடு வாங்கிக்கொண்டு, பக்கத்தில் ஹார்டுவேர் கடை நடத்துகிறார். ஒரு நாள் மேலே வந்து, "சார், வயசானவங்க நடக்கற வயி. ட்ரம்ம கொஞ்சம் உள்ள வெச்சிக்கோ" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் "யோவ்" என்று ஆரம்பித்தேன். அப்புறம் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் மாடியில் கதவுகள் திறந்தன. இரண்டு டிரம்மையும் படியில் தடதடவென்று உருட்டிக்கொண்டு போய்க் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டு, "நீயே வெச்சுக்கய்யா" என்று கத்திவிட்டு வந்தேன். அதே வேகத்தில் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியேறினேன். வீட்டுக்கு ஒரு எண்தான் அந்தக் குரூப்பில் உண்டு. எங்கள் வீட்டுக்கு அது என்னுடையது.

டிரம் போன பிறகு எனக்கு நானே ஒரு விஞ்ஞானம் சொல்லிக்கொண்டேன். தண்ணீரைப் பிடித்து வைப்பது குளோரின் போவதற்காக. எங்கள் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதில் ஏது குளோரின்? நேராக ஊற்றினால் என்ன? ஊற்றினேன். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒன்றும் ஆகவில்லை. பாரிவாக்கத்து அம்மா சும்மா பயமுறுத்துகிறார் என்று முடிவுக்கு வந்தேன்.

கார்த்திகை மாதம், விடாமல் மழை. தெருத் தண்ணீர் எங்கள் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள், சம்ப்புக்குள், கசிந்துவிட்டது. அது அப்போது எனக்குத் தெரியாது. மனைவி வெள்ளிக்கிழமையே பூந்தமல்லியில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை வீட்டில் நானும் மகளும்தான். எனக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். மகள் காலையில் டியூஷனுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தாள்.

நான்கு மணிக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு. திங்கட்கிழமை போக வேண்டிய வேலை ஒன்று சொதப்பியிருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டே தண்ணீர் மாற்ற ஆரம்பித்தேன். ஒரு கையால் ரப்பர் குழாயைப் பிடித்துத் தொட்டியில் பாதியை வெளியேற்றினேன். பின்பக்கக் குழாயில் பக்கெட்டைப் பிடிப்பது, கொஞ்சம் வெந்நீர் கலப்பது, ஹாலுக்கு வந்து ஊற்றுவது. வாய் மட்டும் நிற்கவில்லை. "எத்தனை தடவைய்யா சொல்றது? சொன்னது மண்டையில ஏறலையா?" என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. பின்பக்கக் கதவருகே மகள் ஒரு தடவை வந்து நின்ற மாதிரியும் ஞாபகம். கையால் போ என்று சைகை காட்டினேன்.

எட்டாவது பக்கெட்டை ஊற்றிவிட்டு நிமிர்ந்தேன். ஒரு மீன் அம்பு போலப் பாய்ந்து கண்ணாடியில் மோதியது. சத்தம் கேட்டது. இன்னொன்று பாய்ந்தது. பிறகு ஆறும் மேலே வந்து, தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்து, செவுள் படபடக்கக் காற்றைக் குடிக்க ஆரம்பித்தன. நிறம் கண் முன்னாலேயே இறங்கியது. ஆரஞ்சு பழுப்பானது, பழுப்பு கறுப்பானது. சின்னது பக்கவாட்டில் சாய்ந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். வெந்நீர் அதிகமாகிவிட்டதா? தெர்மாமீட்டர் இருபத்தொன்பதில் நின்றது. காற்று மோட்டார் ஓடுகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தண்ணியில ப்ளீச்சிங் பவுடர் இருக்குப்பா" என்றாள் மகள் பின்னாலிருந்து.

எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. என் மூக்கு அடைத்திருந்தது, அவள் மூக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தேன். சுருக்கென்றது.

குளோரினை முறிக்கிற மருந்து ஒன்று உண்டு. வீட்டில் இல்லை. ஏது குளோரின் என்று இருந்தவன்தானே. மழையில் ஆவடிக்குப் போய் வாங்கிவர ஒரு மணி நேரமாவது ஆகும், அவற்றுக்கு ஒரு மணி நேரம் இல்லை. குடிக்கிற கேன் தண்ணீர் ஒன்று முழுதாகவும் ஒன்று பாதியாகவும் இருந்தது. மகள் நான் சொல்வதற்கு முன்பே பரணிலிருந்து தன் பழைய குளியல் டப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். கேன் தண்ணீரை அதில் கவிழ்த்தோம். அது சில்லென்று இருந்தது. அப்படியே விட்டால் குளிரிலேயே செத்துவிடும். கெட்டிலில் கொதிக்க வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அவள் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"இருபத்தி நாலு. இருபத்தி நாலு. இருபத்தஞ்சு. அப்பா, சின்னது அசையல."

"படி, படி."

"இருபத்தாறு. இருபத்தேழரை."

அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. வலையால் ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒன்று வலையிலிருந்து துள்ளித் தரையில் விழுந்தது. ஈரக் கையால் வாரி எடுத்தேன். ஆறும் டப்புக்கு வந்தன, காற்றுக் குழாயையும் உள்ளே விட்டோம். ஆனால் அந்த முப்பது லிட்டரில் ஆறு மீன்கள் எவ்வளவு நேரம் தாங்கும்? தொட்டியை நிரப்ப நல்ல தண்ணீர் வேண்டும், நிறைய வேண்டும், உடனே வேண்டும். இந்தக் குடியிருப்பில் யாரிடம் போய்க் கேட்பது? எந்தக் கதவைத் தட்டினாலும் அந்தக் கதவு அன்று திறந்து என் சத்தத்தைக் கேட்ட கதவுதான்.

படியில் இறங்கி ஓடினேன். கேட்டுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்கு அடியில், என்னுடைய இரண்டு நீல டிரம்மும் நின்றன. மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் செயலாளர்.

"அண்ணே" என்றேன்.

அவர் திரும்பித் தன் பின்னால் பார்த்தார். யாரைக் கூப்பிடுகிறேன் என்று.

"அண்ணே, மீன் சாகுதுண்ணே. ப்ளீச்சிங் போடாத தண்ணி வேணும்."

"ஐயய்யோ. கொயாத் தண்ணிய ஊத்திட்டியா? காலையிலதான சம்ப்ப கயுவி மருந்து போட்டோம். குரூப்ல ரெண்டு நாளா போட்டுகினு கீறேன் சார். நீதான் பூட்டியே. லிப்ட்லயும் ஒட்டிகீறேனே, பாக்கலியா?"

நான் படியில் போகிறவன். எதற்குப் படியேறுகிறேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவர் எழுந்து டிரம்மின் மேல் இருந்த தட்டை எடுத்தார். விளிம்புவரை தெளிந்த தண்ணீர். "உன் ட்ரம்முதான். முந்தாநேத்தே நேரா போர்லர்ந்து ரொப்பி வெச்சேன், வயசானவங்களுக்குக் கொடுக்கலாம்னு. எத்தினி பக்கெட்டு வோணும்?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. மழையில் நனைந்திருந்ததால் தெரிந்திருக்காது.

பக்கெட் பக்கெட்டாக லிஃப்டில் ஏற்றினோம். உள்ளே, என் மூக்குக்கு நேராக அந்த நோட்டீஸ், கொட்டை எழுத்தில். சம்ப் கழுவி மருந்து போடுவதால் ஞாயிறு காலை வரை குழாய்த் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கீழே கோடு போட்டு, 'மீன், பறவை வளர்ப்பவர்கள் கவனிக்கவும்.' குடியிருப்பில் மீன் வளர்ப்பது நான் ஒருவன்தான். அந்த வரியை எனக்காகவே எழுதியிருக்கிறார். ஏழெட்டு முறை ஏறி இறங்கினோம், ஒவ்வொரு முறையும் அதைப் படித்தேன்.

கெட்ட தண்ணீரை முழுக்க வெளியேற்றி, டிரம் தண்ணீரை ஊற்றி, இரண்டு அடுப்பிலும் பாத்திரம் வைத்துக் காய்ச்சிக் கலந்து, மகள் இருபத்தொன்பது என்று சொன்ன பிறகு மீன்களைத் திரும்ப விட்டோம். பாரிவாக்கத்து அம்மாவுக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"லைட்ட அணைச்சிடு. தொட்டி மேல ஒரு போர்வையப் போடு. துன்ன எதுவும் போடாத. அவ்ளோதான் சார். சத்தம் போடாம குந்து" என்றார்.

உட்கார்ந்தோம். நான், மகள், முழங்கால்வரை நனைந்த செயலாளர். மூவரும் ஹால் தரையில், விளக்கில்லாமல், ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில். காற்றுக் குமிழ் சத்தம் மட்டும் கேட்டது. என் கைபேசி மறுபடி மறுபடி அதிர்ந்தது, எடுக்கவில்லை. செயலாளர் தன் கரகரப்பான குரலை எவ்வளவு அடக்க முடியுமோ அவ்வளவு அடக்கி, "மூச்சு வுட்டுகினு கீதா?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டார். மகள் போர்வை ஓரத்தைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினாள்.

ஏழு மணி இருக்கும். அவள் போர்வையைத் தூக்கினாள், தலையாட்டவில்லை.

சின்னது அடியில் படுத்திருந்தது. மற்ற ஐந்தும் கறுப்பாக, ஆனால் நேராக நின்றன. செயலாளர்தான் அதை வலையில் எடுத்து, தன் நெல் வயலின் மிச்சமாகக் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒற்றைத் தென்னை மரத்தடியில் புதைத்துவிடுவதாகச் சொல்லி, ஒரு காகிதத்தில் வைத்துக் கீழே கொண்டுபோனார்.

நாங்கள் இருவரும் இருட்டில் நின்றோம்.

"அப்பா, கத்த மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"எனக்குத் தெரியும்பா. காலையிலயே லிஃப்ட்ல படிச்சேன். நீங்க பக்கெட் பிடிச்சப்ப சொல்ல வந்தேன். நீங்க ஃபோன்ல கத்திக்கிட்டு இருந்தீங்க. போன்னுட்டீங்க." போர்வை ஓரத்தை இழுத்துவிட்டாள். "அப்புறம் தொட்டிகிட்ட வந்து நின்னேன். எட்டுத் தடவ ஊத்துனீங்க. ஒவ்வொரு தடவையும் சொல்லலாம்னுதான் நெனச்சேன்."

தனக்குப் பிடித்த மீன் இருக்கிற தொட்டியில் நான் விஷத்தை ஊற்றுவதை அவள் எட்டு முறை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மீன் சாவதைவிட நான் கத்துவது அவளுக்குப் பெரிய பயம்.

"ஏம்மா..." என்று மெல்லத்தான் கேட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெல்ல நான் பேசியதில்லை. அப்படியும் அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை என்று சொன்னேன். அதைத் தவிர என்னென்னவோ சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அழுதுவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தன் நோட்டை எடுத்து வந்து, விளக்கில்லாமலே தெர்மாமீட்டர் பக்கம் குனிந்து, ஏழு மணிக் கணக்கை எழுதினாள்.

ஐந்தும் பிழைத்தன. குளோரினில் ஸ்பாஞ்சில் இருந்த கிருமிகளும் செத்துப்போனதால் மூன்று வாரம் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. டிரம் இரண்டும் கேட்டருகிலேயே இருக்கின்றன. ஒன்று எனக்கு, ஒன்று பொதுவுக்கு. குரூப்பில் திரும்பச் சேர்த்துவிடச் சொல்லி நானே கேட்டேன், செயலாளர் சிரித்துக்கொண்டே சேர்த்தார். மாத்திரை சாப்பிடுகிறேன். கோபம் வரவில்லை என்று சொன்னால் என் குழுவில் இருக்கும் பதினோரு பேரும் சிரிப்பார்கள்.

போன மாதம் ஒரு சாயங்காலம். பின்பக்கம் நின்று அலுவலக அழைப்பில் இருந்தேன். குரல் ஏற ஆரம்பித்திருந்தது, எனக்கே கேட்டது. கதவருகே மகள் வந்து நின்றாள். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, போகாமல், நின்றாள்.

"அப்பா. ஹீட்டர் லைட் எரியல."

பேசிக்கொண்டிருந்தவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அழைப்பைத் துண்டித்தேன். ஹாலுக்கு ஓடினேன். ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் இருபத்தொன்பது. ஐந்து மீன்களும் ஆரஞ்சாக, அவசரமில்லாமல் மிதந்தன.

"எரியுதேம்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள். "சும்மா சொல்லிப் பாத்தேன்."